எண்ணெய்க் கடைக்கு மின்னஞ்சல்: எங்கிருந்து தொடங்குவது?

மரச்செக்கு எண்ணெயும் வீட்டுப் பொடி வகைகளும் விற்கும் இணையக் கடையைப் பத்து மாதங்களாக நடத்துகிறீர்கள். வாங்கியவர்களில் ஏறத்தாழ 900 பேருடைய மின்னஞ்சல் முகவரி உங்களிடம் சேர்ந்திருக்கிறது. மின்னஞ்சல் வழியாக விற்பனையைத் தொடங்க எந்த மென்பொருளை வாங்கலாம், ஒருவர் 50,000 முகவரிகளைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறாரே அதை வாங்கலாமா, வாரத்துக்கு எத்தனை மடல் அனுப்பலாம் என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது மெயிலை யார் படிக்கிறார்கள் என்ற ஐயத்தையும் சேர்த்திருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை இந்த நான்குக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு முறை எண்ணெய் வாங்கியவர் அந்த டின் தீரும்போது உங்கள் கடையை நினைக்க வேண்டும், ஆனால் அதற்காக நீங்கள் எழுதும் மடல் அவருக்குத் தொல்லையாகிவிடக் கூடாது, இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது? அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். மென்பொருள் கடைசியில் வரும்.

பதினொரு ஆண்டுகளாகச் சிறு இணையக் கடைகளுக்கு இந்த வேலையைச் செய்து வருகிறேன். கைத்தறிச் சேலை, நொறுக்குத் தீனி, புத்தகம், எண்ணெய் என்று பலவகைச் சரக்குகளுக்கு எழுதியிருக்கிறேன் என்றாலும், நான் கையாண்டவற்றில் மிகப் பெரிய பட்டியலில் நாற்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பெயர்களே இருந்தன. ஆகவே நாள்தோறும் லட்சக்கணக்கில் அனுப்பும் நிறுவனங்களுக்கு என் அனுபவம் பொருந்தாது. உங்கள் அளவிலுள்ள கடைக்குப் பொருந்தும். தொழில்நுட்ப விதிகளைப் பற்றிச் சொல்வதை உறுதியாகவே சொல்கிறேன். வாங்குபவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைப் பற்றிச் சொல்வது என் அனுபவத்தில் திரண்ட கருத்து மட்டுமே. அதை உங்கள் கடையில் சோதித்துப் பார்த்த பிறகே ஏற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 50,000 முகவரிகள். வாங்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். காரணம் நாகரிகம் மட்டுமன்று. ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் போன்ற அஞ்சல் சேவைகள், மடல் எந்த டொமைனிலிருந்து (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வருகிறது என்பதைக் கவனித்து, அந்த டொமைனுக்கு ஒரு நற்பெயர்க் கணக்கை வைத்திருக்கின்றன. விலைக்கு வாங்கிய பட்டியலில் கணிசமான முகவரிகள் இறந்துபோனவையாக இருக்கும். அவற்றுக்கு அனுப்பும் மடல்கள் திரும்பி வரும். வேறு சில, ஸ்பேம் அனுப்புவோரைப் பிடிப்பதற்கென்றே வைக்கப்பட்ட பொறி முகவரிகளாக இருக்கும். அவற்றை எந்த மனிதரும் எந்தக் கடையிலும் கொடுத்திருக்க முடியாது என்பதால், அங்கே ஒரு மடல் போய்ச் சேர்ந்தாலே அனுப்பியவர் அனுமதியின்றிச் சேகரித்தவர் என்பது உறுதியாகிவிடும். உயிரோடு இருக்கும் முகவரிக்காரர்களோ, இந்தக் கடை எது என்று தெரியாமல் 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார்கள். ஜிமெயில் தன் வழிகாட்டுதலில் இந்தப் புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 0.3 சதவீதத்தை ஒருபோதும் தொடக்கூடாது என்றும் சொல்கிறது. ஆயிரம் பேரில் மூன்று பேர் எரிச்சலடைந்தால் போதும் என்று பொருள். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு எழுதும்போது மூன்றே பேர் எரிச்சலடைவார்கள் என்று யாராலும் எதிர்பார்க்க முடியாது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் ஓர் ஆடைக் கடைக்காரர் என் அறிவுரையை மீறித் தீபாவளிக்கு முன்பு இப்படியொரு பட்டியலுக்கு அனுப்பினார். நானும் உறுதியாக மறுத்திருக்க வேண்டும்; மறுக்கவில்லை. அந்த விளம்பரத்தால் விற்பனை ஏதும் வரவில்லை என்பது சிறிய இழப்பு. அதே டொமைனிலிருந்து போய்க்கொண்டிருந்த ஆர்டர் உறுதி மடல்களும் ரசீதுகளும்கூட அடுத்த வாரத்திலிருந்து ஸ்பேம் பெட்டிக்குள் விழத் தொடங்கின. பணம் கட்டியவர்கள் ரசீது வரவில்லை என்று தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்கள். பண்டிகை நெருக்கடியில் இரண்டு பேர் அதற்குப் பதில் சொல்வதற்கென்றே உட்கார வேண்டியிருந்தது. பழைய நிலைக்கு மீள நான்கு மாதங்களாயின.

இப்போது வாட்ஸ்அப் பற்றிய ஐயம். அதில் நியாயம் இருக்கிறது. பார்சல் கிளம்பிவிட்டது, இன்று வீட்டுக்கு வருகிறது என்பன போன்ற செய்திகளுக்கு வாட்ஸ்அப்பே சிறந்தது. அதை மின்னஞ்சலால் வெல்ல முடியாது. ஆனால் வணிகக் கணக்கு வழியாக அங்கே மொத்தமாக அனுப்பும் விளம்பரச் செய்திகளுக்குக் கட்டணம் உண்டு, பெறுபவர் ஒரே தட்டலில் உங்களைத் தடுத்துவிடலாம், நான்கு பத்திக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை. மின்னஞ்சல் வேறு வகை. ரசீதைத் தேடி ஆறு மாதம் கழித்தும் அங்கேதான் போகிறோம். விளக்கமாக எழுதினால் பொறுமையாகப் படிக்கும் மனநிலையிலேயே அதைத் திறக்கிறோம். உங்கள் வாடிக்கையாளர்களில் யார் மின்னஞ்சல் படிப்பவர்கள் என்பதை உங்கள் ஆர்டர் கணக்கே சொல்லும். பணம் கட்டியவர் பெயரும் பொருள் போய்ச் சேரும் முகவரியும் வேறுவேறாக இருக்கும் ஆர்டர்களைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ இருக்கும் மகள், மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு எண்ணெய் அனுப்பும் ஆர்டர்கள் அவை. உணவுப் பொருள் விற்கும் தமிழ்க் கடைகள் பலவற்றில் இவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தில் நாள் முழுவதும் மின்னஞ்சலோடு இருப்பவர்கள். எண்ணெயின் சுவை தெரிந்தவர் அம்மா, மடல் போக வேண்டியது மகளுக்கு. இந்த ஒரு பிரிவுக்குச் சரியாக எழுதக் கற்றுக்கொண்டாலே உங்கள் உழைப்புக்குப் பலன் கிடைக்கும் என்பது என் கணிப்பு.

எழுதுவதற்கு முன்னால் அனுப்பும் முகவரியைச் சீர்செய்ய வேண்டும். இலவச ஜிமெயில் முகவரியிலிருந்து 900 பேருக்கு மறைநகலாக (பிசிசி) அனுப்பும் வழக்கம் பலரிடம் உண்டு, அதை விட்டுவிடுங்கள். சாதாரண ஜிமெயில் கணக்குக்கு நாளொன்றுக்கு 500 என்ற வரம்பு இருக்கிறது என்பதோடு, ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறொரு மென்பொருள் வழியாக அனுப்பினால் அது ஆள்மாறாட்டம் போலவே பார்க்கப்படும். உங்கள் கடையின் சொந்த டொமைனில் ஒரு முகவரி வேண்டும்; அந்த டொமைனின் டிஎன்எஸ் பகுதியில், அதாவது டொமைனின் அமைப்புகளை எழுதி வைக்கும் பக்கத்தில், மூன்று பதிவுகள் வேண்டும். எஸ்பிஎஃப் என்பது என் பெயரில் மடல் அனுப்ப இந்த இந்தச் சர்வர்களுக்கே அனுமதி என்று வாசலில் ஒட்டி வைக்கும் பட்டியல். டிகேஐஎம் என்பது ஒவ்வொரு மடலிலும் குத்தும் முத்திரை. வழியில் யாரும் மடலைத் திருத்தவில்லை என்பதை அது காட்டும். டிமார்க் என்பது, இந்த இரண்டு சோதனையிலும் தேறாத மடல் என் பெயரில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பெறும் சேவைக்கு நீங்கள் தரும் குறிப்பு. டிமார்க்கை முதலில் 'எதுவும் செய்ய வேண்டாம், அறிக்கை மட்டும் அனுப்பு' என்ற நிலையில் வைத்துச் சில வாரங்கள் பார்த்த பிறகு இறுக்குங்கள். அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு: இணையதளத்துக்கு ஒன்று, மென்பொருளுக்கு ஒன்று என ஒரே டொமைனில் இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகளைச் சேர்த்துவிடுவார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே பயனற்றுப் போகும். ஒன்றுக்குள்ளேயே இரு சேவைகளையும் எழுத வேண்டும்.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களுக்கு என்று நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்த விதிகளைக் கடுமையாக்கியுள்ளன. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அதே வழிக்கு வந்தது. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்று பதிவுகளும் கட்டாயம், கூகுளும் யாஹூவும் விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் கட்டாயமாக்கியுள்ளன, விலகியவரை இரண்டு நாட்களுக்குள் நீக்கிவிட வேண்டும். நீங்கள் 5,000-ஐத் தொட நாளாகும் என்றாலும் முதல் நாளிலிருந்தே அந்த ஒழுங்கில் இருப்பது நல்லது. கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற இலவச வசதியில் உங்கள் டொமைனைப் பதிந்து வையுங்கள். அளவு கூடும்போது புகார் விகிதத்தை அங்கேயே பார்க்கலாம்.

இனி எழுதுவது. இந்த இடத்தில் என் கருத்து பிறரிடமிருந்து சற்று மாறுபடும். பெரும்பாலோர் செய்திமடலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் ஆர்டர் மடல்களிலிருந்து தொடங்கச் சொல்வேன். பணம் கட்டியவர் உங்களிடமிருந்து ஒரு மடலை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நேரம் அது ஒன்றுதான். அந்த மடல் இப்போது எப்படி இருக்கிறது என்று உங்கள் கடையில் நீங்களே ஒரு பொருள் வாங்கிப் பாருங்கள். மென்பொருளோடு வந்த ஆங்கில வாசகம், ஓர் எண், ஒரு தொகை, அவ்வளவுதான் இருக்கும். அதை உங்கள் கடையின் குரலில் திருத்தி எழுதுவதே உங்கள் முதல் வேலை. எந்தச் செக்கில், எந்த வாரம் ஆட்டிய எண்ணெய், என்றைக்குக் கூரியரில் சேர்ப்பீர்கள், டின் நசுங்கி வந்தால் எந்த எண்ணுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்பதை எளிய சொற்களில் எழுதுங்கள். அந்த மடலுக்குப் பதில் எழுதினால் அது ஒரு மனிதருக்குப் போய்ச் சேர வேண்டும். 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்ற வாசகம் சிறு கடைக்குப் பொருந்தாது.

பொருள் கைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு மடல் போகட்டும். அதில் விற்பனை எதுவும் வேண்டாம். உங்கள் சரக்கில் எழுதுவதற்கு எவ்வளவோ இருக்கிறது. செக்கில் ஆட்டி வடித்த கடலை எண்ணெயின் அடியில் மண்டி படியும். சுத்திகரித்த எண்ணெயையே பழகியவர் அதை அழுக்கு என்று நினைத்துப் பயப்படுவார். பொரிக்கும்போது நுரை கட்டினால் கலப்படம் என்று சந்தேகப்படுவார். நல்லெண்ணெய் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பது பழைய வழக்கம் என்பது நகரத்தில் வளர்ந்தவருக்குத் தெரிந்திருக்காது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் கோயம்புத்தூரிலும் ஊட்டியிலும், ஜனவரியில் டெல்லியிலும், பாட்டில் முழுவதும் வெள்ளையாகக் கட்டிப்போய் நிற்பதைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. இவற்றை எல்லாம் அவர் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டால் திரும்பி வரும் பார்சல்கள் குறையும். எண்ணெய்க் கடை ஒன்றில் நான் செய்த முதல் வேலையே இதுதான். 'எண்ணெய் உறைந்திருக்கிறதே' என்ற தொலைபேசி அழைப்புகள் அந்தக் குளிர்காலத்தில் வெகுவாகக் குறைந்தன என்று கடைக்காரர் சொன்னார். அதைவிட முக்கியமாக, இந்தக் கடையிலிருந்து வரும் மடலில் உபயோகமான ஒன்று இருக்கும் என்ற பழக்கம் வாங்குபவருக்கு உண்டாகிறது. பின்னால் நீங்கள் அனுப்பப்போகும் விற்பனை மடலை அவர் திறந்து பார்ப்பது இந்தப் பழக்கத்தினால்தான்.

அந்த விற்பனை மடலை யாருக்கு அனுப்பலாம் என்பது அடுத்த கேள்வி. பொருள் வாங்கும்போது ரசீதுக்காக முகவரி கொடுத்தவர் விளம்பரத்துக்கும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது கட்டாயமில்லாமல், எதற்கென்று தெளிவாகத் தெரிந்து, வெளிப்படையான ஒரு செயலால் தரப்பட வேண்டும் என்கிறது. தந்தது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுப் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. நான் வழக்கறிஞன் அல்லன். சட்ட நுணுக்கம் தேவைப்பட்டால் அத்துறையினரிடம் கேளுங்கள். நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது எளியது. பணம் கட்டும் பக்கத்தில், 'புதிதாக ஆட்டிய எண்ணெய் வரும்போதும் பண்டிகைச் சலுகையின்போதும் எனக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்' என்று ஒரு கட்டம் வையுங்கள். அது முன்கூட்டியே டிக் செய்யப்படாமல் காலியாக இருக்கட்டும். டிக் செய்பவர் குறைவாகவே இருப்பார்கள். அந்தக் குறைவான பேர்தான் உங்கள் உண்மையான பட்டியல். கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருந்து வாங்குபவர்கள் உண்டென்றால் அந்நாடுகளின் சட்டங்கள் இன்னும் கண்டிப்பானவை என்பதையும், அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி விளம்பர மடலின் அடியில் உங்கள் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே உள்ள 900 பேருக்கு ஒரே ஒரு மடல் எழுதலாம் என்பது என் கருத்து. இன்ன மாதம் எங்களிடம் இன்ன பொருள் வாங்கினீர்கள், மாதம் இரண்டு முறை இப்படிப்பட்ட மடல் எழுதவிருக்கிறோம், வேண்டுமென்றால் இங்கே அழுத்துங்கள், அழுத்தாவிட்டால் இனி எழுத மாட்டோம் என்று நேர்மையாகக் கேளுங்கள். 900 பேருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், அண்மையில் வாங்கியவர்களிலிருந்து தொடங்கி நாளுக்கு நூறு, நூற்றைம்பது பேராக அனுப்புங்கள். புதிய டொமைன் மெல்ல மெல்லவே நம்பிக்கையைப் பெறும். அனுப்புவதற்கு முன் பட்டியலை ஒருமுறை கண்ணால் பாருங்கள். 'ஜிமெயில்' என்பதன் ஆங்கில எழுத்துகள் இடம் மாறிய முகவரிகள் கட்டாயம் சில இருக்கும். படிவம் விடவில்லையே என்பதற்காக வாய்க்கு வந்ததைத் தட்டியவையும் இருக்கும். தொலைபேசி எண்ணையும் ஓடிபியையும் வைத்தே வாங்கிப் பழகிய நம் ஊரில் மின்னஞ்சலைக் கட்டாயமாக்கினால் பொய் முகவரிகள்தான் சேரும். அந்தப் பெட்டியை விருப்பத்துக்கு விட்டு, 'ரசீது இங்கே வரும்' என்று காரணத்தைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

தானாகப் போகும் மடல்களில் உங்கள் சரக்குக்கு மிகவும் பொருத்தமானது, டின் தீரும் நேரத்தில் போகும் மடல். சேலை விற்பவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. எண்ணெய் விற்பவருக்கு உண்டு. இரண்டாம் முறை வாங்கியவர்களை மட்டும் எடுத்து, முதல் ஆர்டருக்கும் இரண்டாவதற்கும் இடையே எத்தனை நாட்கள் என்று எழுதி, சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரியை எடுக்காதீர்கள், எட்டு மாதம் கழித்து வாங்கிய நான்கைந்து பேர் அதைக் கோணலாக்கிவிடுவார்கள். ஐந்து லிட்டர் டின்னுக்கும் ஒரு லிட்டர் பாட்டிலுக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். ஐந்து லிட்டருக்கு நடு எண் 48 நாட்கள் என்று வந்தால், கூரியர் எடுத்துக்கொள்ளும் நாட்களையும் சேர்த்து யோசித்து, 41 அல்லது 42-ஆம் நாளில் ஒரு சிறு மடல் போகட்டும்: சென்ற முறை வாங்கியது இது, மறுபடி வேண்டுமென்றால் இந்த லிங்க், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். தள்ளுபடி தேவையில்லை. நான் பார்த்த கடைகளில் மொத்த மின்னஞ்சல் விற்பனையில் பெரும் பங்கு இத்தகைய மூன்று வரி மடல்களிலிருந்தே வந்தது.

கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போனவருக்கு எழுதும் மடல் பற்றி எல்லாரும் பேசுவார்கள். அதை வையுங்கள், ஆனால் ஒன்றே போதும், சில மணி நேரத்துக்குள் போகட்டும், அதில் கூப்பன் வேண்டாம். கூப்பன் கொடுத்தால் கூடையை நிரப்பிவிட்டுக் காத்திருக்க உங்கள் நல்ல வாடிக்கையாளர்களே பழகிவிடுவார்கள். ஐந்து லிட்டர் எண்ணெய் விற்கும் கடையில் பலர் திரும்பிப் போவது கடைசிப் பக்கத்தில் கூரியர் கட்டணத்தைப் பார்த்துத்தான். அதை மடலால் சரிசெய்ய முடியாது, பொருளின் பக்கத்திலேயே கட்டணத்தைச் சொல்லிவிடுவதுதான் வழி.

வாரத்துக்கு எத்தனை என்ற கேள்விக்கு: தொடக்கத்தில் மாதத்துக்கு இரண்டு. இதற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. சொல்வதற்குச் செய்தி இருக்கும் அளவுக்கே எழுதுங்கள். உங்கள் சரக்குக்கு ஆண்டு முழுவதும் காரணங்கள் இருக்கின்றன. தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் முறுக்குக்குக் கடலை எண்ணெய், கார்த்திகைக்கு முன் விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும், புரட்டாசியில் பருப்புப் பொடி என்று நாட்காட்டியே எழுதிக் கொடுக்கும். 'இன்னும் இரண்டு மணி நேரம் மட்டுமே' என்று பொய்யான அவசரத்தைக் காட்டாதீர்கள். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்யப்பட்ட பதின்மூன்று ஏமாற்று வடிவங்களில் இதுவும் ஒன்று. தலைப்பைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் நம் எழுத்துகள் அகலமானவை, கைப்பேசியில் ஐந்தாறு சொற்களுக்குமேல் தெரியாது, ஆகவே முக்கியமான சொல் முதலில் வர வேண்டும். முழு மடலையும் ஒரே படமாக வடிவமைத்து ஒட்டும் வழக்கத்தைத் தவிருங்கள். படம் இறங்காத இடத்தில் வெற்றுக் கட்டம்தான் தெரியும், தேடினாலும் கிடைக்காது, பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. யூனிகோடில் தட்டிய தமிழ் எழுத்து இன்றைய கைப்பேசிகளில் ஒழுங்காகவே தெரிகிறது. மடலின் நிரல் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் அடிப்பகுதியை வெட்டிவிடும். விலகும் லிங்க் பெரும்பாலும் அந்த அடிப்பகுதியில்தான் இருக்கிறது என்பதால் இதில் கவனம் தேவை. மடல் ஜிமெயிலின் விளம்பரப் பிரிவில் விழுந்தால் கவலைப்படாதீர்கள். அது ஸ்பேம் பெட்டி அன்று. வாங்கும் எண்ணத்தோடு அங்கே போய்ப் பார்ப்பவர்கள் உண்டு.

பலன் கிடைக்கிறதா என்பதை அளப்பதில்தான் ஐயத்துக்குரியவை அதிகம். எத்தனை பேர் திறந்தார்கள் என்று மென்பொருள் காட்டும் எண்ணை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். மடலுக்குள் ஒளித்து வைத்த ஒரு சிறு படம் இறங்குவதை வைத்தே அது கணக்கிடப்படுகிறது. 2021 செப்டம்பரில் வந்த ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 15 முதல் ஆப்பிளின் மெயில் செயலி, அதிலுள்ள தனியுரிமைப் பாதுகாப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்கு, அவர் மடலைப் பார்க்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. சொடுக்குகளின் எண்ணிக்கை இதைவிட மேல் என்றாலும் அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள்கள் லிங்குகளைத் தாமே சோதித்துப் பார்ப்பதால் அதிலும் கலப்பு உண்டு. மின்னஞ்சலில் ஒரு ரூபாய் போட்டால் முப்பது நாற்பது ரூபாய் வரும் என்று விளம்பரங்களில் வரும் கணக்குகள் பெரும்பாலும் நிறுவனங்கள் தாமே சொன்னதைத் தொகுத்தவை. உங்கள் கடைக்கு அவை எதையும் உறுதி சொல்வதில்லை. டின் தீரும் நேரத்து மடலால் வாங்கியவர் அது இல்லாமலே வாங்கியிருப்பாரா என்பதே உண்மையான கேள்வி. அதை அறிய ஒரு வழி இருக்கிறது: பத்தில் ஒருவரைக் குலுக்கல் முறையில் எடுத்து அந்த மடலை அனுப்பாமல் வைத்து, ஆறு மாதம் கழித்து இரு தரப்பும் ஆளுக்கு எத்தனை ரூபாய்க்கு வாங்கினார்கள் என்று ஒப்பிடுங்கள். 900 பேருக்குள் இந்த ஒப்பீடுகூடத் தோராயமான விடையையே தரும். தலைப்பை இரண்டு விதமாக எழுதிச் சோதிப்பது இந்த அளவில் வீண். 450 பேரில் 20 பேர் சொடுக்கியதற்கும் 27 பேர் சொடுக்கியதற்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது.

கடைசியாக மென்பொருள். 900 பேருக்கு எதுவும் போதும். உங்கள் கடையை ஷாப்பிஃபையில் நடத்தினால் அதற்குள்ளேயே இருக்கும் மின்னஞ்சல் வசதியில் தொடங்கலாம். இல்லையென்றால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் கேம்பெய்ன்ஸ், மெயில்சிம்ப், பிரெவோ ஆகியவற்றில் எது உங்கள் கடையின் ஆர்டர் விவரங்களை நேரடியாக எடுத்துக்கொள்கிறதோ அதை எடுங்கள், ஏனென்றால் அந்த இணைப்பு இல்லாமல் டின் தீரும் நேரத்து மடலை அமைக்க முடியாது. கட்டணம் பெயர் எண்ணிக்கைக்கா, அனுப்பும் மடல் எண்ணிக்கைக்கா என்று பாருங்கள். மாதம் இரண்டு மடல் அனுப்பும் கடைக்குப் பின்னதே பெரும்பாலும் மலிவாக அமையும். எதை எடுத்தாலும் மாதம் ஒரு முறை பட்டியலை உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள், விலகியவர்களின் பட்டியலையும் கூடவே இறக்குங்கள். வேறு மென்பொருளுக்கு மாறும் நாளில் அந்த இரண்டாவது பட்டியலைக் கொண்டுபோக மறந்துவிட்டால், வேண்டாம் என்று சொன்னவர்கள் அனைவருக்கும் மறுபடி மடல் போய்விடும்.